ஞாயிற்றுக்கிழமைப் போர்

வாத்தியாரே,

இன்று காலை எங்கள் வாசல் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஓர் ஆள் வந்திருந்தான். டின்னைத் திறந்து டர்பன்டைனை ஊற்றினான். வாடை கூடத்துக்குள் வந்ததுதான் தாமதம், நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு, இடுக்கு வழியாகத் தெருவில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன். "என்ன மாமா, காத்து வர்ற ஜன்னல போய் சாத்துறீங்க?" என்று மருமகள் கேட்டாள். வெயில் அடிக்கிறது என்று சொல்லி மழுப்பினேன். வெயில் அந்தப் பக்கம் வருவதே இல்லை. அவளுக்கும் அது தெரியும்.

நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் மட்டும் அடங்கவில்லை. செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுவேன். உங்களிடம் எனக்கு அந்த உரிமை உண்டு.

நீங்கள் என் பெயிண்ட் கடைக்கு முதலில் வந்த நாளிலேயே உங்களைச் சந்தேகப்பட்டவன் நான். ஆட்சி மாறிய புதுசு அது. ஊரில் ஒரு சுவர் பாக்கி இல்லை, எல்லாவற்றிலும் கறுப்பும் சிவப்புமாக எழுத்து. வயல் பக்கம் போனால் கூலி நெல்லுக்குச் சண்டை, வரப்பில் செங்கொடி. என்னிடம் யார் சிவப்பு வாங்கினாலும் எந்தச் சுவருக்கு, எந்தக் கட்சிக்கு என்று மனசுக்குள் கேட்டுக்கொள்வேன். நீங்கள் வந்து, "சிவப்பு வேணும் பாய்" என்றீர்கள். கால் லிட்டரா, அரை லிட்டரா என்று கேட்டேன். "ஒரு கரண்டி போதும்" என்றீர்கள். அப்புறம், கடையில் இருப்பதிலேயே சின்ன பிரஷ்ஷாக ஒன்று.

ஒரு கரண்டிச் சிவப்பில் எந்தச் சுவரில் என்ன எழுத முடியும்? கள்ளநோட்டு அடிக்கிற ஆளோ என்றுதான் எனக்குத் தோன்றியது. "எதுக்குன்னு சொன்னாத்தான் குடுப்பேன்" என்றேன். நீங்கள் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தீர்கள். உள்ளே விரல்கணு உயரத்துக்கு ஈயத்தில் ஓர் ஆள், தோளில் துப்பாக்கியோடு. "கும்பினி சிப்பாய் பாய். சட்டை செவப்பு" என்றீர்கள், ஏதோ எனக்கு உறவுக்காரனை அறிமுகப்படுத்துகிற மாதிரி.

பிறகு கதை வந்தது. வாத்தியார் வேலைக்கு முன்னால் நீங்கள் பட்டாளத்தில் குமாஸ்தா. அங்கே அதிகாரிகள் மணலில் மலையும் ஆறும் செய்து சண்டையைத் திட்டம் போடுவார்கள். ஓர் அதிகாரி மாலை நேரத்தில் அதே மணலில் ஈயச் சிப்பாய்களை நிறுத்தி, தாயக்கட்டை உருட்டி, பழைய காலத்துப் போர்களை ஆடுவார். அவருக்கு எதிராளி கிடைக்காத நாளில் உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார். அந்தப் பைத்தியம் உங்களுக்கும் பிடித்து, ஊருக்கும் கூடவே வந்துவிட்டது. உங்கள் மாமனார் ஊர் கோடியக்கரைப் பக்கம். அங்கே வலையில் கட்டுகிற ஈயக் குண்டுகளை வாங்கி வந்து, உருக்கி, அச்சில் ஊற்றுவீர்கள். அச்சில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் ஈயம் தெறிக்கும். உங்கள் முன்கையில் அந்தப் பொட்டுத் தழும்புகள் கடைசி வரை இருந்தன.

நான் கடைகளுக்குப் போர்டும் வண்டிகளுக்கு நம்பரும் எழுதுகிறவன். உங்கள் சிப்பாயைப் பார்த்ததும் என் கை அரித்தது. "குடுங்க இங்க" என்று வாங்கி, முதலில் ரெட் ஆக்சைடு பூசிக் காயவைத்து, சட்டைக்குச் சிவப்பு, குறுக்கு வாருக்கு வெள்ளை, கடைசியில் ஊசி முனையால் கண் வைத்தேன். நீங்கள் தூக்கிப் பார்த்துவிட்டு, "முழி பெரிசாயிட்டு. பயந்தாங்கொள்ளி மாதிரி இருக்கான்" என்றீர்கள். "கும்பினிக்காரன் பயப்படட்டுமே, உங்களுக்கு என்ன வலிக்குது?" என்றேன். அன்றைக்குச் சிரிக்க ஆரம்பித்தோம்.

என் குடோனில் பெயிண்ட் டிரம்களின் மேல் பழைய கதவு ஒன்றைப் போட்டு, அதில் தேசம் செய்தோம். கோட்டைச் சுவருக்கு நெட்டித் தக்கை. தென்னைக்கு ஈர்க்கு. கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டிப் பச்சைச் சாயத்தில் முக்கி நட்டால் நெற்பயிர். ஆற்றுக்கு நீங்கள் நீலம் அடித்தீர்கள்; எனக்குப் பொறுக்கவில்லை. "காவேரில புதுத்தண்ணி வந்தா டீ கலரு. நீலத் தண்ணிய எந்த ஊர்ல பாத்தீங்க?" என்று சண்டை போட்டு, நானே மஞ்சளும் காவியும் கலந்து அடித்து, மேலே வார்னிஷ் விட்டேன். வார்னிஷ் காய்ந்ததும் நீங்கள் குனிந்து வெகுநேரம் அதையே பார்த்தீர்கள்.

நாம் ஆடியது மைசூர்ப் படை தஞ்சாவூர்ச் சீமைக்குள் இறங்கி, பயிரைக் கொளுத்தி, வாய்க்காலை உடைத்த பழைய கதை. என்னை மைசூர் நவாப் பக்கம் ஆடச் சொன்னீர்கள். "ஏன், பாய்னா நவாப் பக்கம்தானா? நான் கும்பினி" என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். அதனால் குதிரைகள் உங்களுக்கு, களமும் வைக்கோல் போரும் எனக்கு. உங்கள் குதிரை என் வைக்கோல் போரைத் தொட்டுவிட்டால் தாயக்கட்டை உருட்டுவோம். தாயம் விழுந்தால் அதன் மேல் சிவப்புப் பஞ்சு வைக்க வேண்டும். எரிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் ஆடுவோம். வயசுக்கு வந்த ஆம்பளைகள் பொம்மை வைத்து விளையாடுவதைப் பார்த்தால் ஊர் சிரிக்கும் என்பது ஒரு காரணம். நிஜமான காரணம் வேறு. நீங்கள் கூலிக்காரத் தெருவில் பிறந்து முதல் முதலாக சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர். உங்கள் அண்ணன் விவசாயக் கூலிகள் சங்கத்தில் முன்னால் நிற்கிறவர். எனக்கோ மிராசுதார் பண்ணைதான் பெரிய வாடிக்கை. அந்தப் பண்ணையின் காரியஸ்தர் ஒருநாள் கடைக்கு வந்து, டின்னைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, "சங்கத்துக்காரன் தம்பிக்கு ஒங்க குடோன்ல என்ன வேல பாய்?" என்றார். "பிரஷ் வாங்க வர்றாரு" என்றேன். "வாராவாரமா?" என்றார்.

எனக்கும் உள்ளே ஓர் உறுத்தல் இருந்தது. நீங்கள் மேசையில் செய்த பூமியைப் பார்க்கப் பார்க்க எங்கேயோ பார்த்தது போல் இருந்தது. வாய்க்கால் வளைகிற விதம், மதகு, களத்துக்கு மேற்கே ஒற்றைப் புளியமரம். ஒருநாள் கேட்டேவிட்டேன். "இது பண்ணை நெலம்தானே வாத்தியாரே?"

"எனக்குக் கண்ண மூடிட்டு நடக்கத் தெரிஞ்ச நெலம் அது ஒண்ணுதான் பாய்" என்றீர்கள். "எங்கப்பா அதுல நட்டாரு, அறுத்தாரு, அந்த வரப்புலயே விழுந்து செத்தாரு. வேற எந்த நெலத்த நான் செய்யிறது?"

அந்த நிலத்தில்தான் அப்போது தகராறு. நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து பாதி நிலத்தைப் பினாமி பேரில் எழுதியிருக்கிறார்கள் என்று சங்கம் மனு கொடுத்திருந்தது. கூலியும் கேட்டு வேலைநிறுத்தம். மிராசுதார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து குறுவையை அறுத்தார். மழை பிடித்துக்கொண்டது. நனைந்த வைக்கோலை அவசர அவசரமாகப் போர் போட்டுவிட்டு அந்த ஆட்கள் போய்விட்டார்கள்.

அந்த வாரம் டீக்கடையில் நீங்கள் செய்ததை என்னவென்று சொல்வது! முந்தின ஞாயிறு உங்களை நான் கொஞ்சம் அதிகமாகவே கேலி செய்திருந்தேன். களிமண்ணில் நீங்கள் செய்து வைத்திருந்த வைக்கோல் போர்களைக் காட்டி, "இது போரா? கவுத்து வச்ச இட்லி. குடியானவன் ஊர்ல பொறந்துட்டு ஒரு போர் செய்யத் தெரியலயே" என்றேன். உங்களுக்கு மூக்கு சிவந்துவிட்டது. அந்த ரோஷத்தோடு, டீக்கடை பெஞ்சில் ஆள் நிறைந்திருக்கிற நேரத்தில், சாலைக்கு அந்தப் பக்கம் நின்று உங்கள் பட்டாளத்துத் தொண்டையில் கத்தினீர்கள்:

"பாய்! ஞாயித்துக்கெழம போரு, மறந்துறாதீங்க! இந்த வாட்டி ஒரு போரு மிஞ்சாது. அத்தனையும் கொளுத்துறனா இல்லியா பாருங்க!"

நானும் சிரித்துக்கொண்டே, "கொளுத்துங்க, பாப்போம்!" என்றேன்.

நமக்குப் போர் என்றால் மேசைமேல் நடக்கிற சண்டை. நெல் விளைகிற ஊரில், அறுப்பு முடிந்த ஐப்பசியில், வேலைநிறுத்தம் நடக்கிறபோது, போர் என்றால் மற்றவர்களுக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு மடையர்களுக்கும் உறைக்கவில்லை. பெஞ்சின் கோடியில் காரியஸ்தர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேப்பர் அசையவில்லை. அதை நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வந்து படையை நிறுத்தி வைத்துக் காத்திருந்தேன். ஒருநாளும் தாமதம் செய்யாத ஆள், பொழுது சாய்கிற நேரத்துக்கு வந்தீர்கள். முழங்கால் வரை சேறு. கையில் வாய் சுருட்டிய ஒரு துணிப்பை. "வாய்க்கால்ல தண்ணி பாய், சுத்தி வந்தேன்" என்றீர்கள். பையை மூலையில் வைத்தீர்கள். அதில் என்ன என்று கேட்டதற்கு, "பொறுங்க, பொறுங்க" என்று மட்டும் சொன்னீர்கள். ஆட்டம் ஆரம்பித்தது. உங்கள் குதிரைகள் வாய்க்காலைத் தாண்டின. தாயக்கட்டை விழுந்தது. என் போர் ஒன்றின் மேல் நீங்கள் சிவப்புப் பஞ்சை வைத்த கையோடு, வெளியே சத்தம் கேட்டது. "பண்ணைக் களத்துல போரு எரியுதுடோய்!"

உங்கள் முகத்தில் ரத்தம் இல்லை. பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டீர்கள். நான் அந்தச் சிவப்புப் பஞ்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை உங்களைப் பள்ளிக்கூடத்திலேயே வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்து என் குடோனுக்கு வந்தார்கள். இன்ஸ்பெக்டர் மேசையைச் சுற்றி வந்தார். "இது என்னய்யா?"

"ஆட்டம் சார். பழைய காலத்துச் சண்டை."

"இந்தக் குதிரைக்காரனுங்க யாரு?"

"மைசூர்க்காரங்க சார்."

"வெளியூர் ஆளா? எப்ப எறக்குனீங்க?"

"அவங்க வந்து எரநூறு வருசம் ஆவுது சார்."

பின்னால் நின்ற கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தார். புளியமரம், மதகு, களம். "பண்ணைக் களம்தானே இது?" என்றார். பஞ்சைத் தொட்டுக் காட்டி, "இது என்ன?" என்றார். போலீஸ்காரரிடம் நான் என்ன சொல்வேன்! "தீ சார்" என்றேன்.

"அவன் நேத்து எத்தனை மணிக்கு வந்தான்?"

அந்தக் கேள்வியில்தான் உங்கள் வேலை, உங்கள் தெரு, உங்கள் பிள்ளைகளின் சோறு எல்லாம் இருந்தது. எனக்கு அது தெரிந்தது. நீங்கள்தான் வைத்தீர்கள் என்று உள்ளுக்குள் முக்கால்வாசி நம்பிவிட்டேன். என்னைச் சாட்சிக்கு வைத்துக்கொள்ளத்தான் ஞாயிற்றுக்கிழமை என்று ஊரறியக் கத்தினீர்களோ என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் வாயில் வந்தது இதுதான்: "ஞாயித்துக்கெழமன்னா நான் மத்தியானம் தொழுதுட்டு வந்ததும் உக்காந்துருவோம் சார்." அவர் எழுதிக்கொண்டார். நம் சிப்பாய்களை எல்லாம் சாட்சிப் பொருள் என்று கோணிச்சாக்கில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

அடுத்த வாரமே அந்தக் கூத்து நடந்தது. களத்தில் மிச்சமிருந்த போருக்குப் போலீஸ் காவல் போட்டிருந்தார்கள். காவலுக்கு நின்றவர் கண்ணெதிரே, யாரும் கிட்டப் போகாமல், அந்தப் போர் தானாகவே புகைந்து பற்றிக்கொண்டது. ஈர வைக்கோல் உள்ளுக்குள்ளேயே வெந்து எரியும் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. உங்களை விட்டார்கள். வேலையும் கோணிச்சாக்குச் சிப்பாய்களும் திரும்பக் கிடைத்தன. ஸ்டேஷனில் வாங்கிய அடியில் வலது கை விரல்கள் மட்டும் முன்போல் மடங்கவில்லை. அதன்பிறகு உங்கள் குதிரைகளுக்கும் நானே வண்ணம் அடித்தேன்.

என் புத்தி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். இரண்டாவது போர் தானாக எரிந்தது சரி, முதல் போர்? சேறு எங்கிருந்து வந்தது? பையில் என்ன? நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. விடுதலையாகி வந்த பிறகு நீங்கள் 'போர்' என்ற சொல்லையே விட்டுவிட்டீர்கள். "யுத்தம் எப்ப பாய்?" என்பீர்கள். குற்றமுள்ள நெஞ்சு அந்த வார்த்தையைச் சொல்லக் கூசுகிறது என்று நான் கணக்குப் போட்டேன். நான் உருட்டிய தாயக்கட்டையை நீங்கள் எடுத்து ஒருமுறை திருப்பிப் பார்ப்பீர்கள். நீங்கள் உள்ளே வரும்போது நான் உங்கள் காலைப் பார்ப்பேன். இப்படியே எத்தனை ஞாயிறு! தரங்கம்பாடிக் கோட்டையை முற்றுகை போட்டோம், செஞ்சியைப் பிடித்தோம், விட்டோம். பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாயவரம் மயிலாடுதுறை ஆயிற்று. உங்கள் தெருவில் டாக்டர் வந்தார், இன்ஜினியர் வந்தார். பண்ணை நிலம் துண்டு துண்டாகக் கைமாறி, ஒரு துண்டை உங்கள் மகனே வாங்கினான். நீங்கள் மட்டும் வாரம் தவறாமல் என் எதிரே வந்து உட்கார்ந்தீர்கள்.

நீங்கள் போன பிறகு உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் வீட்டம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு, சுவரில் சாய்ந்து நின்று, "ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே அண்ணே?" என்றது.

"கேளு தங்கச்சி."

"அன்னைக்கு அவர ஏன் போலீஸ்ல சொல்லிக் குடுத்தீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு, நானா?"

"டீக்கடையில ஒங்ககிட்டதானே சொன்னாரு. பெஞ்சுல மத்தவங்கள்லாம் வேண்டியவங்கதான்னு நெனச்சிருக்காரு. வேற யாருண்ணே சொல்லிருப்பா? அவரு கடைசி வரைக்கும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தாரு."

"அப்பறம் ஏம்மா வாராவாரம் வந்தாரு?"

"நானும் அதுக்குத்தான் சண்ட போடுவேன். 'போலீஸ்காரன் மெரட்டிருப்பான், பாயும் புள்ளகுட்டிக்காரரு, வாயத் தொறந்துட்டாரு. ஆனா நான் லேட்டா வந்தத மட்டும் சொல்லல பாத்தியா, அத சொல்லிருந்தா நான் இன்னிக்கி வாத்தியாரு இல்ல'ம்பாரு. 'மனுசன மன்னிச்சாச்சு, விடு'ம்பாரு."

அன்று ஏன் தாமதம் என்று கேட்டேன். இத்தனை வருடம் தொண்டையில் நின்ற கேள்வி. உங்கள் வீட்டம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "நீங்க ஏதோ இட்லின்னு சொல்லிட்டீங்களாமே. ரோஷம் வந்து, நெசப் போரப் பாத்தே செய்றேன்னு பண்ணைக் களத்துக்குப் போயி, ஒளிஞ்சு உக்காந்து, அந்த வைக்கோலயே உருவி, சின்னச் சின்னதா நாலஞ்சு போரு கட்டிட்டு வந்திருக்காரு. ஆட்டத்துக்கு நடுவுல எடுத்து வச்சு ஒங்கள அசத்தணுமாம். அதுக்குள்ள தீப்பிடிச்சிட்டு. களத்துப் பக்கம் போனது தெரிஞ்சா விடுவாங்களா? அன்னிக்கே பையோட அடுப்புல போட்டு எரிச்சது நான்தாண்ணே."

நான் போலீஸில் சொல்லவில்லை என்று அந்தத் தங்கச்சியிடம் சொன்னேன். காரியஸ்தர் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருந்ததையும், பேப்பர் அசையாததையும் சொன்னேன். "சரிண்ணே, சரி. பழசு எதுக்கு" என்று தலையை ஆட்டியது. ஆயுசு முழுக்கக் கடையில் உட்கார்ந்தவன் நான். நம்பி ஆட்டுகிற தலை எது, மரியாதைக்கு ஆட்டுகிற தலை எது என்று எனக்குத் தெரியும்.

யாரைக் கேட்டு என்னை மன்னித்தீர்கள், வாத்தியாரே? நான் செய்யாத துரோகத்துக்கு நீங்களாகவே ஒரு மன்னிப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, நான் அதை வாங்கிக்கொண்டதே எனக்குத் தெரியாமல், இத்தனை காலம் எதிரே உட்கார்ந்து என் தாயக்கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'நீங்களா பாய்?' என்று முகத்துக்கு நேரே கேட்டிருக்கக் கூடாதா? அடித்திருக்கலாம். கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கலாம். சண்டை போட்டு ஒரு வருடம் பேசாமல் இருந்திருக்கலாம். அதன்பிறகாவது நம்பியிருப்பீர்கள்.

இனி யாரிடம் போய் நிரூபிப்பேன்? அந்தக் காரியஸ்தரும் போய்விட்டார், டீக்கடையும் இல்லை. பகலெல்லாம் அந்தப் பெஞ்சில் யார் யார் இருந்தார்கள் என்று ஒவ்வொரு முகமாக ஞாபகத்துக்குக் கொண்டுவந்து விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கேட்க வேண்டிய ஆள் நீங்கள் ஒருவர்தான். உங்களுக்குக் கேட்கிறதோ இல்லையோ, சொல்லிவிடுகிறேன். அல்லா அறிய, நான் சொல்லவில்லை வாத்தியாரே. நான் சொல்லவில்லை.